கொளுவும் விரலுக்குச் சத்திரசிகிச்சை: வன்னியிலிருந்து எங்கே, யாரிடம் போவது?

விரலை மடக்கினால் அது கொளுவிக்கொண்டு நின்று, மற்றக் கையால் இழுத்தால் சொடுக்கென்று நிமிரும் வருத்தத்தை வைத்தியர்கள் ட்ரிகர் ஃபிங்கர் என்பார்கள். இதற்குச் சத்திரசிகிச்சை செய்துகொள்ளலாம் என்று கிளினிக்கில் சொல்லப்பட்ட பிறகு, வன்னியில் இருக்கும் ஒருவருக்கு முன்னால் பல பாதைகள் தெரியும்: சொந்த மாவட்டத்தின் பொது வைத்தியசாலை, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு தனியார் வைத்தியசாலை, அநுராதபுரம், கொழும்பு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், "காசைப் பற்றி யோசிக்காமல் கொழும்புக்குப் போங்கோ அம்மா" என்பார்கள். அயலவரோ யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவரின் பெயரைச் சொல்லுவார். என்னுடைய கருத்து இரண்டுக்கும் சற்று விலகியது. பெரும்பாலான விரல்களுக்கு, இந்த வேலையை வழமையாகச் செய்துவருகிற, வெட்டிய கையைத் திரும்பவும் இலகுவாகக் கொண்டுபோய்க் காட்டக்கூடிய தூரத்தில் இருக்கிற நிபுணரே ஏற்றவர். தூரத்துக்குப் போயே ஆகவேண்டிய கைகளும் சில உண்டு. அவை எவை என்பதைப் பின்னால் தனியாகப் பார்க்கலாம்.

தெரிவைப் பற்றிப் பேசுவதற்கு முன், என்ன செய்யப்படுகிறது என்பது தெளிவாக இருக்கவேண்டும். விரலை மடக்கும் தசைநாண்கள் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறையை எலும்போடு அணைத்து வைத்திருக்கும் வளையங்களில் முதலாவது, விரல் உள்ளங்கையோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. வைத்தியக் குறிப்புகளில் அது ஏ-1 என்று எழுதப்படும். அந்த வளையம் தடித்து, அதனூடாகப் போகும் நாணும் வீங்கித் திரளும்போது, திரண்ட பகுதி வளையத்தில் இடறி நிற்கிறது. சத்திரசிகிச்சையில் அந்த ஒரு வளையத்தை நீளவாக்கில் வெட்டித் திறந்துவிடுகிறார்கள். உள்ளங்கையில் ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரையான கீறல், அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் ஊசி, ஏறக்குறைய கால் மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். இவ்வாறு திறந்து செய்யப்படும் விரல்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவை கொளுவுவதை நிறுத்திவிடுகின்றன.

ஆயினும் அந்த வளையத்தின் இரு பக்கங்களிலும் விரலுக்கு உணர்வு கொடுக்கும் நரம்புகள் மிக அண்மையில் ஓடுகின்றன. பெருவிரலில் ஒரு நரம்பு அந்த இடத்தைக் குறுக்காகவே கடந்து போகிறது. முதல் வளையத்தோடு நிறுத்தாமல் அடுத்ததையும் பெருமளவு வெட்டிவிட்டால், விரலை மடக்கும்போது நாண் வில்லில் கட்டிய கயிறு போல எலும்பை விட்டு விலகி எழும்பி, பிடியின் பலம் குறைந்துவிடும். குறைவாக வெட்டினால் விரல் பழையபடி கொளுவும். ஆகவே சின்ன ஒப்பரேசன் என்பதற்காக இதை யாரும் செய்துவிடலாம் என்று எண்ணக்கூடாது. அதே வேளை தலைநகரத்தில் மட்டுமே செய்யக்கூடிய அரிய வேலையாகவும் இதை நினைக்கத் தேவையில்லை.

சத்திரசிகிச்சை நிபுணரைத் தேடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு இன்னும் சத்திரசிகிச்சையே தேவைப்படாமல் இருக்கலாம். வருத்தம் தொடங்கிச் சில மாதங்களுக்குள், விரல் கொளுவினாலும் தானாகவே நிமிருகிற நிலையில், உறைக்குள் போடப்படும் ஸ்ரெரொயிட் ஊசி ஒன்று பாதிப் பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ போதுமானதாக அமைகிறது. சில வாரங்களுக்கு விரலை நிமிர்த்தி வைக்கும் பட்டியும் சிலருக்கு உதவும். நீரிழிவு உள்ளவர்களில் ஊசியின் பலன் குறைவு. அத்துடன் ஊசி போட்டபின் சில நாட்களுக்கு இரத்தச் சீனி ஏறும் என்பதை அவர்கள் அறிந்திருக்கவேண்டும். இந்த வருத்தம் நீரிழிவுக்காரரைத்தான் கூடுதலாகப் பிடிக்கிறது, பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களில் வருகிறது என்பதால் இது சிறிய விடயமல்ல. ஓரிடத்தில் ஊசி போட்டுக்கொண்டு, பொறுமையிழந்து, சில வாரங்களில் இன்னோரிடத்தில் போய் வெட்டிக்கொள்கிறவர்கள் ஊசியைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். ஊசி போட்ட கையை அண்மைக் காலத்திலேயே திறந்தால் தொற்று ஏற்படும் வாய்ப்புக் கூடுகிறது என்பதால், பல நிபுணர்கள் இரண்டு மூன்று மாத இடைவெளியை விரும்புகிறார்கள்.

எங்கள் ஊர்களில் இதற்கு முதலில் போகுமிடம் பெரும்பாலும் முறிவு நெரிவு வைத்தியரிடம்தான். எண்ணெய் போட்டு மெதுவாக உருவுவதால் காலை நேர இறுக்கம் தளர்வதாகச் சொல்கிறவர்களோடு நான் வாதாட மாட்டேன். ஆனால் தடித்த வளையம் எண்ணெயால் திறக்காது. கொளுவிய விரலைப் பலவந்தமாக இழுத்துச் சொடுக்குவது நாணை மேலும் வீங்கச் செய்யும். விரல் பல மாதங்களாக மடங்கியே நிற்கும்போது நடு மூட்டும் இறுகிப்போகிறது. அந்த நிலையில் வளையத்தைத் திறந்தாலும் விரல் முழுதாக நிமிர நீண்ட பயிற்சி தேவைப்படும். எண்ணெய்க்கு எவ்வளவு காலம் கொடுப்பது என்று கேட்டால், விரல் தானாக நிமிரும் வரைதான் என்பேன்.

அடுத்தது, எந்தத் துறையைச் சேர்ந்த நிபுணர் என்பது. எலும்பு முறிவு சத்திரசிகிச்சை நிபுணர்கள், பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணர்கள் ஆகிய இரு பகுதியினரும் பயிற்சியின் போதே கையில் வேலை செய்கிறார்கள்; இருவரில் எவரும் இதற்குப் பொருத்தமானவர். பொது சத்திரசிகிச்சை நிபுணர்கள் சிலரும் இதைச் செய்வதுண்டு. அவர்களை நான் ஒதுக்கமாட்டேன், ஆனால் கேட்கவேண்டிய கேள்வியைக் கொஞ்சம் அழுத்தமாகக் கேட்பேன்: இதை நீங்கள் அடிக்கடி செய்வீர்களா? வருடத்தில் ஓரிரு விரல் செய்கிற பெரிய பெயரை விட, மாதந்தோறும் செய்கிற பெயர் தெரியாதவரே மேல். ஒருவர் பதிவுபெற்ற வைத்தியர்தானா என்ற சந்தேகம் இருந்தால் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம்; தனியார் இடங்களில் அறிமுகமில்லாதவரிடம் போகும்போது இதைச் செய்வது மரியாதைக் குறைவல்ல.

இனி இடங்களுக்கு வருவோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. ஆலோசனை, சத்திரசிகிச்சை, மருந்து எல்லாம் இலவசம். வழி எல்லோருக்கும் தெரிந்தது: அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலோ ஆதார வைத்தியசாலையிலோ காட்டி ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, அல்லது நேரே வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், நிபுணரின் கிளினிக்குக்குத் துண்டு எடுத்துக்கொள்வது. இதில் முதல் சிக்கல் ஆள் மாறுவது. நிபுணர்களுக்கு வருடாந்த இடமாற்றம் உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போனதும் தெரிந்த விடயம். போன வருடம் உங்கள் மச்சாளின் விரலைச் செய்தவர் இந்த வருடம் அங்கே இருப்பார் என்று நம்பிப் புறப்படாமல், எலும்பு முறிவு கிளினிக் எந்த நாட்களில் நடக்கிறது, இப்போது நிரந்தர நிபுணர் இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும். போயா தினத்திலும் அரச விடுமுறையிலும் கிளினிக் இராது.

இரண்டாவது சிக்கல் வரிசை. வீதி விபத்தும் எலும்பு முறிவும் வருகிற இடத்தில், கொளுவும் விரல் கடைசி வரிசைக்குத்தான் போகும்; அது நியாயமும்கூட. திகதி கொடுத்த பிறகு அவசர நோயாளி வந்ததால் உங்களைத் திருப்பி அனுப்பவும் கூடும். காத்திருப்பதால் இந்த வருத்தத்தில் உயிராபத்து எதுவும் இல்லை. ஆனால் விரல் பூட்டுண்டு நிமிரவே முடியாமல் நிற்கிறதென்றால், அதைக் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லவேண்டும். வரிசையில் முன்னே எடுக்க நியாயமான காரணம் அது ஒன்றுதான். எங்களுடைய ஆட்கள், குறிப்பாக வயதான பெண்கள், டொக்டருக்கு முன்னால் "பரவாயில்லை ஐயா, சமாளிக்கிறன்" என்று சொல்லிவிட்டு வீட்டில் வந்து அழுகிற பழக்கம் உடையவர்கள். விரல் எத்தனை மாதமாக மடங்கி நிற்கிறது, தேங்காய் திருவ முடிகிறதா, மண்வெட்டி பிடிக்க முடிகிறதா என்று சொன்னால்தான் அந்த இரண்டு நிமிடத்தில் அவருக்கு விளங்கும்.

இந்தக் குறைகள் இருந்தும் நான் மாவட்ட வைத்தியசாலையை முதலில் வைப்பதற்குக் காரணம் வெட்டிய பிறகு நடப்பவை. விரலை முதல் நாளிலிருந்தே மடக்கி நிமிர்த்தவேண்டும்; நாண் சுற்றிலும் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது அதில்தான் தங்கியிருக்கிறது. புண் ஈரப்படக்கூடாது. பத்து முதல் பதினான்கு நாட்களில் தையல் வெட்டவேண்டும். விரல் இறுக்கமாக இருந்தால் இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவுக்குப் பல தடவை போகவேண்டும். புதுக்குடியிருப்பிலோ மல்லாவியிலோ செட்டிகுளத்திலோ இருக்கும் ஒருவர் மருந்து கட்டுவதற்கும் தையல் வெட்டுவதற்கும் தமது ஊர் ஆதார வைத்தியசாலைக்கே போகலாம். சந்தேகம் வந்தால் வெட்டியவரிடம் அடுத்த கிளினிக்கில் காட்டலாம். கொழும்பில் வெட்டியவர் அதே கையை ஊரில் காட்டும்போது, இங்குள்ள வைத்தியர் இன்னொருவர் செய்த வேலையை ஒரு சிறு துண்டுக் காகிதத்திலிருந்து ஊகிக்கவேண்டியிருக்கும்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வடக்கின் மிகப் பெரிய வைத்தியசாலை; பல துறை நிபுணர்கள் ஒரே வளவுக்குள் இருக்கிறார்கள். கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதி வழியே ஏறக்குறைய 65 கிலோமீற்றர், பஸ்ஸுக்குக் குறைவில்லை. பூநகரிப் பகுதி மக்களுக்கு, 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு, யாழ்ப்பாணம் கிளிநொச்சியைப் போலவே அருகில்தான். அவர்கள் இரண்டையும் சமமாக வைத்தே யோசிக்கலாம். முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து போகிறவருக்கோ நூறு கிலோமீற்றருக்கு மேல், பரந்தனில் பஸ் மாறுவதும் உண்டு. அங்கே வரிசை குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போகவேண்டாம். மாகாணம் முழுவதிலிருந்தும் நோயாளர் அங்கேதான் வருகிறார்கள். சாதாரண விரலுக்கு அங்கே போவதால் கிடைக்கும் நன்மை சிறிது. சிக்கலான கைக்கு அதுவே முதல் தெரிவு.

தனியார் வைத்தியசாலைகளைப் பற்றி ஒரு விடயம் வெளிப்படையாகச் சொல்லப்படவேண்டும். அரச சேவையில் உள்ள நிபுணர்கள் கடமை நேரத்துக்குப் பின் தனியாரில் நோயாளரைப் பார்க்க இலங்கையில் அனுமதி உண்டு. ஆகவே மாலையில் சனல் செய்து, அதாவது பணம் கட்டி நேரம் பதிந்து, நீங்கள் சந்திப்பவர், பெரும்பாலும் காலையில் அரச கிளினிக்கில் இருந்த அதே ஆள். நீங்கள் கட்டும் பணம் ஆறுதலாகப் பேசும் நேரத்தையும் விரும்பிய திகதியையும் வாங்கித் தருகிறது. அவருடைய கைத்திறன் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தையல் வேலை செய்து வாழும் ஒரு பெண்ணுக்கோ, மேசன் ஒருவருக்கோ, இரண்டு மாதம் முன்னதாக விரல் சரியாவது அந்தச் செலவை ஈடுசெய்யக்கூடும். அந்தக் கணக்கை அவரவர்தான் போடவேண்டும். கணக்குப் போடும்போது சனல் கட்டணத்தை மட்டும் பார்க்கக்கூடாது. சத்திரசிகிச்சைக் கூடக் கட்டணம், நிபுணர் கட்டணம், மருந்து, பின்னர் காட்டப் போகும் ஒவ்வொரு முறைக்குமான கட்டணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்கவேண்டும். அரச உத்தியோகத்தர்கள் தங்கள் அக்ரஹார காப்புறுதியில் இது எவ்வளவு அடங்கும் என்றும், எந்தப் பற்றுச்சீட்டுகள் தேவை என்றும் முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது.

பலர் கடைப்பிடிக்கும் நடுவழி ஒன்று உண்டு: ஒரு தடவை சனல் செய்து நிபுணரிடம் விரிவாகப் பேசி, அவருடைய கடிதத்துடன் அவரது அரச கிளினிக்குக்குப் போய் அங்கே சத்திரசிகிச்சை செய்துகொள்வது. விளக்கம் பெறுவதற்காக அப்படிச் செய்வதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். வரிசையில் முந்துவதற்கான சீட்டாக அதை எவராவது விற்றாலோ வாங்கினாலோ, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒட்டுசுட்டானிலிருந்து பஸ் ஏறி வந்து வாங்கில் இருக்கும் ஒருவரின் முறைதான் பறிபோகிறது.

அநுராதபுரம் போதனா வைத்தியசாலையை வன்னியின் வடக்கில் இருப்பவர்கள் நினைப்பதே இல்லை. வவுனியா நகரத்தவருக்கோ அது 60 கிலோமீற்றருக்குள், யாழ்ப்பாணத்துக்குப் போகும் தூரத்தில் பாதிகூட இல்லை. அங்கே தயங்கவேண்டிய இடம் மொழி. இந்தச் சத்திரசிகிச்சையில் நோயாளி விழித்திருப்பார். வளையம் முழுதாகத் திறந்துவிட்டதா என்று பார்க்க, நிபுணர் மேசையிலேயே விரலை மடக்கி நிமிர்த்தச் சொல்லுவார். அந்த நேரத்தில் சொல்வது விளங்காமல் பதறுவது வேலைக்கு உதவாது. சிங்களம் ஓரளவு தெரிந்தவருக்கு இது தடையே அல்ல.

கொழும்பு, சாதாரண விரலுக்கு, வீண் அலைச்சல். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம், தங்குமிடம், தையல் வெட்டத் திரும்பவும் போவதா என்ற கேள்வி. பிள்ளைகள் கொழும்பில் இருந்து, மூன்று வாரம் அவர்களோடு தங்கக்கூடியவருக்கு மட்டும் கணக்கு மாறும். 2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கிய பின் இந்தியாவுக்குப் போகிற யோசனையும் கேட்கிறது. வேறு பெரிய வருத்தத்துக்குப் போகிறவர் வழியில் விரலையும் காட்டலாம், இதற்கென்றே போவது தேவையற்றது.

தூரம் போகவேண்டிய கைகளுக்கு வருவோம். ருமற்றொயிட் மூட்டுவாதம் உள்ளவர்களின் விரலில் முதல் வளையத்தை வெறுமனே வெட்டிவிடுவது விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்வதை மோசமாக்கலாம் என்பதால், அவர்களுக்கு வேறு விதமான சத்திரசிகிச்சை தேவைப்படுகிறது. கையில் தேர்ந்தவரிடமே போகவேண்டும். ஒரு தடவை வெட்டியும் திரும்பக் கொளுவுகிற விரலும், வெட்டிய பின் மரத்துப்போன விரலும் அவ்வாறே. பிள்ளைகளின் பெருவிரல் மடங்கி நிற்பது தனி விடயம்: பல பிள்ளைகளுக்கு அது காலப்போக்கில் தானாகவே சரியாகிவிடுவதால் அவசரப்படத் தேவையில்லை. சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் முழு மயக்கம் கொடுக்கவேண்டும், ஆகவே சிறுபிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர்கள் உள்ள பெரிய வைத்தியசாலையே பொருத்தம்.

வன்னிக்கே உரிய இன்னொரு கூட்டம், போரில் காயப்பட்டவர்கள். உள்ளங்கையிலோ முன்கையிலோ பழைய தழும்பும் செல் துண்டும் உள்ள கையில் நரம்பும் நாணும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும் என்று எவரும் உறுதி கூறமுடியாது. அத்தகைய கையில், கீறாமல் ஊசி முனையால் குத்தி வளையத்தைத் திறக்கும் முறைக்கு இணங்கவேண்டாம். கண்ணால் பார்த்துத் திறக்கிற, நரம்புக் காயங்களில் அனுபவமுள்ள ஒருவரிடமே கொடுக்கவேண்டும். காயப்பட்ட நேரத்து அட்டைகள் தொலைந்துபோயிருக்கும், இடம்பெயர்வில் எதைத்தான் காப்பாற்ற முடிந்தது? நினைவில் இருப்பதை எழுதிக்கொண்டு போனாலும் போதும். ஒரு கையை இழந்தவருக்கு மிஞ்சியிருக்கும் கையில் சத்திரசிகிச்சை என்றால், உண்பதற்கும் கழுவுவதற்கும் முதல் இரண்டு வாரத்துக்கு யார் துணை என்று தீர்மானித்த பிறகே திகதி எடுக்கவேண்டும். ஊன்றுகோலில் நடப்பவருக்குக் கீறல் விழும் இடமும் ஊன்றுகோலின் பிடி அழுத்தும் இடமும் ஒன்றுதான். முழங்கைக்குக் கீழே பாரத்தைத் தாங்கும் வேறு வகை ஊன்றுகோலைச் சில வாரங்களுக்குப் பெறமுடியுமா என்று இயன்மருத்துவரிடம் வெட்டுவதற்கு முன்பே பேசவேண்டும். இதைக் கேட்காமலேயே கவனிக்கிற நிபுணர் கிடைத்தால் அவரை விடவேண்டாம்.

ஊசி முனையால் தோலுக்கூடாகவே வளையத்தைத் திறக்கும் முறையைச் சிலர் செய்கிறார்கள். கீறல் இல்லை, தையல் இல்லை, பழகிய கையில் பலனும் நல்லது. நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் அதை ஏற்கலாம். பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் நரம்பு அருகே ஓடுவதால், என்னுடைய விரலாக இருந்தால் திறந்து செய்வதையே கேட்பேன்.

நிபுணருக்கு முன்னால் இருக்கும்போது அவரது பதிலைப் போலவே அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். சீனி வருத்தம் உண்டா, வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுக்கிறீர்களா, முன்பு ஊசி போட்டதா, இரவில் பெருவிரலும் பக்கத்து விரல்களும் விறைக்கின்றனவா என்று அவர் கேட்கவேண்டும். கடைசிக் கேள்வி மணிக்கட்டு நரம்பு நெரிபடுவதைப் பற்றியது. இரண்டும் ஒரே கையில் சேர்ந்து வருவதுண்டு, இரண்டையும் ஒரே தடவையில் செய்துவிடவும் முடியும். அந்த மாத்திரையை, இரத்தம் உறைவதைத் தடுப்பதை, நீங்களாக நிறுத்திவிட்டுப் போகவேண்டாம். சீனி மிக உயர்ந்திருந்தால் அதைக் குறைத்துவிட்டு வரச் சொல்கிறவர் உங்களை அலைக்கழிக்கவில்லை. இரண்டு கையிலும் விரல் கொளுவுகிறவருக்கு ஒரே நாளில் இரண்டையும் வெட்டித் தருவதாகச் சொன்னால் மட்டும் நான் எழுந்து வந்துவிடுவேன்.

திகதியைப் பொறுத்தவரை, இலேசான வீட்டு வேலைக்குச் சில நாட்களில் திரும்பலாம். மண்வெட்டி, வலை இழுத்தல், நிலக்கடலை பிடுங்குதல் போன்றவற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஒதுக்கவேண்டும். காலபோக அறுவடைக்கு முன் அவசரமாக வெட்டிக்கொண்டு சேற்று வயலுக்குள் இறங்குவதை விட, அறுவடை முடித்துச் சிறுபோகம் தொடங்குவதற்கு முன் உள்ள இடைவெளியைக் கேட்டு வாங்கலாம். முல்லைத்தீவுக் கடற்றொழிலாளருக்கு, கடல் கொந்தளிக்கும் மாரி மாதங்கள் வசதியானவை.

வார்டை விட்டு வரும்போது தருகிற டயக்னோசிஸ் காட் எனப்படும் அட்டையில் எந்தக் கையில் எந்த விரல், எந்த நாள் தையல் வெட்டவேண்டும், யார் செய்தார் என்பன எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இரண்டு மூன்று நாட்களுக்குப் பின் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, விரல் முழுவதும் வீங்கி நிமிர்த்தத் தாங்காமல் போனாலோ, புண்ணில் சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, அடுத்த கிளினிக் நாளைக் காத்திருக்காமல் அந்த அட்டையுடன் அன்றைக்கே அருகிலுள்ள ஆதார அல்லது மாவட்ட வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அது இரவு நேரமாக இருந்தாலும் சரி.